பாடியவள் ஒருத்தி, விழுந்தவள் ஒருத்தி

1.

இந்தக் கதை தானாக எனக்குள் தோன்றியது என்று சொன்னால் பொய். ஷெரின் வந்து கேட்டாள், எழுதுகிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவள் தேதி சொல்லிவிட்டுப் போவதுபோலக் கேட்டாள்.

"வியாழக்கிழமை இன்டர்வியூ டீச்சர். அதுக்கு முன்னாடி எழுதி முடிச்சிருங்க. என்னைய மட்டும் சாகடிச்சிராதீங்க."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதைகளில் இதுவரை யாரும் உருப்பட்டதில்லை. லாரி, பாம்பு, மஞ்சள் காமாலை என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். ஷெரினின் அம்மா ஞானமணி எங்கள் பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். "மனசு வச்சு யாராச்சும் ஒருத்தரப் பொழைக்க விடுங்களேன்" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

"கதை எதுக்குடி ஒனக்கு?" என்றேன்.

"எழுதிப் பாத்தா எந்த முடிவு சரியா வருதுன்னு தெரியும்ல?"

கதையில் சரியாக வருவதும் வாழ்க்கையில் சரியாக வருவதும் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. எனக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. நிஜமாக உயிரோடு இருக்கிற, சனிக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற ஒருத்தியை நான் இதுவரை எழுதியதில்லை.

2.

தொடங்கிப் பார்த்ததை எல்லாம் அப்படியே விட்டிருக்கிறேன், என் திண்டாட்டம் உங்களுக்கும் தெரியட்டும்.

ஆவூர்ப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், மாலை வெயில் மாதா கோயில் கோபுரத்தின் மீது —

[வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்கிறவர்களிடம் சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம்.]

ஷெரினுக்குக் குளிர் என்றால் மார்கழிக் குளிர்தான். அவள் போகப்போகிற ஊரிலோ ஆறே உறைந்து —

[போகப்போகிற என்று கை தானாக எழுதிவிட்டது. போகப்போகிறாள் என்று யார் சொன்னது?]

சரி, நேராகவே சொல்கிறேன். ஷெரினுக்கு மியூசிக்கல் தியேட்டர் படிக்க ஆசை. பாடிக்கொண்டே நடித்து, நடித்துக்கொண்டே ஆடுகிற மேடை நாடகம். அதற்கு வெளிநாட்டில் மூன்று வருடப் பட்டப்படிப்பே இருக்கிறதாம். இங்கிலாந்து, அமெரிக்கா என்று முதலில் தேடினாள். குவைத்தில் வண்டி ஓட்டுகிற அவளுடைய அப்பா ஜோசப், ஃபீஸைப் பார்த்துவிட்டு, "பாக்கவே பயமா இருக்கு தாயி, வேற ஊரு பாரு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அவளும் தேடிக்கொண்டே போய், குளிர் தேசம் ஒன்றின் ஓரத்தில் ஒரு சின்னக் கல்லூரியைப் பிடித்தாள். பாடம் இங்கிலீஷில் நடக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் ஃபீஸ் கிடையாது, தங்க இடமும் தருவார்கள்.*

* ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் போனில் தேடிப் பார்ப்பீர்கள். நான் தேடிப் பார்த்தேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

அந்த ஒரு இடம் ஷெரினுக்குக் கிடைத்துவிட்டது, அல்லது கிடைத்த மாதிரி இருக்கிறது. அங்கேதான் கதையே.

3.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் பாஸ்காவைச் சொல்ல வேண்டும். ஈஸ்டரை ஒட்டி, இயேசு சிலுவையில் பட்ட பாடுகளை மேடையில் நடித்துக் காட்டுவதுதான் பாஸ்கா. ஷெரினின் ஊரில் அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெரிய மைதானம், மைக்கோ கொஞ்சம். அதனால் பாடுகிறவர்களும் வசனம் பேசுகிறவர்களும் மேடையோரம் ஒரு துணித்திரைக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்துகொள்வார்கள். மேடையில் நிற்பவர்கள் வாயை மட்டும் அசைத்து நடிப்பார்கள். ஒரு வேடத்துக்கு இரண்டு ஆள்.

மாதா வேடத்துக்குப் பாடுவது ஷெரின். நடிப்பது அவளுடைய சித்தி மகள் மரிய செல்வி. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் "ஷெரின் மாதா" என்றுதான் சொல்வார்கள். அங்கே வேடத்துக்குச் சொந்தக்காரர் குரல் கொடுப்பவர்தான். உடம்பைக் கொடுப்பவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்பார்கள்.

நீங்கள் சிறப்பாகச் செய்த ஒரு வேடத்தின் வீடியோவை அனுப்புங்கள் என்று கல்லூரி கேட்டிருக்கிறது. ஷெரினும் ஞானமணியும் பாஸ்கா வீடியோவை அனுப்பிவிட்டார்கள். ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. அது ஷெரின் மாதா, அவ்வளவுதான். வீடியோவில் ஷெரின் எங்குமே இல்லை என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

[நம்ப மாட்டீர்கள். நானும்தான் நம்பவில்லை. ஞானமணியின் முகத்தைப் பார்த்த பிறகு நம்பினேன்.]

4.

கல்லூரியிலிருந்து ஒரு அம்மா போனில் பேசினாராம். சிலுவைக்குக் கீழே மாதா விழுகிற இடத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார். ஷெரின் அதை எனக்குத் தமிழில் சொன்னாள்:

"குரலும் விழுது, ஒடம்பும் விழுது, எது முதல்ல விழுந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியல. அதான் ஒன்னையத் தேர்ந்தெடுத்தோம்னு சொன்னாங்க டீச்சர்."

"நீ என்ன சொன்ன?"

"தேங்க்யூன்னு சொன்னேன். போனை வச்சப்புறந்தான் வீடியோவுல நான் இல்லைன்னே ஒறைச்சுச்சு."

வியாழக்கிழமை வீடியோ காலில் கடைசி இன்டர்வியூ. கேமராவுக்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை நேரில் செய்து காட்ட வேண்டும். அவர்கள் ஊரில் நெட் நிற்காது என்பதால் என் வீட்டில் வைத்து நடத்துவதாக ஏற்பாடு. ஆக, நானும் மாட்டிக்கொண்டேன்.

"எங்க, விழுந்து காட்டு பாப்போம்" என்றேன். என் வீட்டுக் கூடத்தில் பாடிக்கொண்டே விழுந்தாள். முழங்கால் தரையில் அடிபடும் முன்பே இரண்டு கையும் முன்னால் ஓடிவந்தன. பாட்டு பாதியில் அறுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞானமணிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. "செல்வியக் கூட்டியாந்து கேமரா முன்னாடி நிப்பாட்டுவோம். இவ இங்கிட்டு மறைவா நின்னு பாடட்டும். பாஸ்காவுல செய்றதுதானே டீச்சர்? யாராச்சும் பொய்யின்னு சொன்னாங்களா? ரெண்டும் அக்கா தங்கச்சி பிள்ளைங்க, மூக்கும் முழியும் ஒண்ணுதான்."

"அங்க போனப்புறம்?"

"கத்துக்கிருவா. படிக்கத்தானே போறா?"

 

5.

உண்மையைச் சொல்கிறேன், மரிய செல்வியை இந்தக் கதையில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. 'உறவுக்காரப் பெண் ஒருத்தி' என்று ஒரு வரியில் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற பெண். போன ஞாயிறு அவளே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள்.

"ஷெரினப் பத்தி எழுதுறீங்களாம்ல?"

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தம்மா வீடியோவுல பாத்தது என்னையத்தானே டீச்சர்?"

"குரலையும் கேட்டிருப்பாங்கல்ல" என்றேன். சப்பைக்கட்டு.

"கேட்டிருப்பாங்க. நான் வாயத் தொறந்தா மைதானத்துல ஒரு ஆள் நிக்காது, அது எனக்கும் தெரியும். ஆனா அவ மூச்ச இழுக்குறது எனக்குக் கேக்கும். கூட்டத்துக்குக் கேக்காது, எனக்கு மட்டும் கேக்கும். அது கேட்டாத்தான் நான் விழுவேன். அவளும் திரையில இருக்க கிழிசல் வழியா எம் முதுகப் பாத்துத்தான் பாட்ட இழுப்பா. இதுல எது யாருதுன்னு நீங்களே சொல்லுங்க."

 அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதையில் கோபக்காரியை வைத்துச் சமாளித்துவிடலாம். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பெரியம்மா ஞானமணி கூப்பிட்டால் இன்டர்வியூவுக்கு வருவாயா என்று கேட்டேன். "ஷெரின் கூப்புடட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

6.

புதன்கிழமை மூன்று முடிவுகளை எழுதி ஷெரினிடம் படித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று. ஷெரின் உண்மையைச் சொல்கிறாள். அந்த அம்மா அன்பாகக் கேட்டுக்கொள்கிறார், அன்பாகவே இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிடுகிறார். ஷெரின் திருச்சியில் பி.காம் சேர்கிறாள். பாஸ்காவில் பாடுகிறாள். ஒரு வருடம் பாடவில்லை. அதற்கடுத்த வருடம் —

[போதும். இது சாகடிப்பதேதான், லாரி மட்டும்தான் இல்லை.]

முடிவு இரண்டு. ஞானமணி சொன்னபடி நடக்கிறது. ஷெரின் விமானம் ஏறுகிறாள். முதல் நாள் வகுப்பு. கண்ணாடி பதித்த பெரிய அறை, சுற்றிலும் தெரியாத முகங்கள். "நம்மை அழவைத்த பெண் இவள்தான்" என்று அந்த அம்மா அறிமுகம் செய்கிறார். "எங்கே, அந்த இடத்தைச் செய்" என்கிறார். எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். ஷெரின் மூச்சை இழுக்கிறாள். இழுத்து —

[இதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

முடிவு மூன்று. அவளே விழுகிறாள், மோசமாகத்தான் விழுகிறாள், ஆனாலும் அந்த அம்மாவுக்குப் பிடித்துவிடுகிறது.

[நானே நம்பாததை உங்களிடம் எப்படி விற்பது?]

ஷெரின் எல்லாவற்றையும் கேட்டாள். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"மூணுலயும் செல்வி என்ன ஆனான்னு எழுதலையே டீச்சர்" என்றாள்.

திரும்பப் படித்துப் பார்த்தேன். ஆமாம். அந்தப் பெண் என் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போன பிறகும், மூன்று முடிவிலும் அவள் இல்லை. வெட்கமாக இருந்தது. ஷெரின் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கடி போற?"

"கடைக்கு. செல்வியப் பாக்கப் போறேன்."

"என்ன சொல்லப் போற அவகிட்ட?"

"தெரியல டீச்சர். பயமா இருக்கு" என்றாள். அந்த ஒரு விஷயத்திலாவது நாங்கள் ஒத்துப்போனோம்.

7.

இன்று வியாழக்கிழமை. மத்தியானம். இதைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளறையில் மேசைமேல் லேப்டாப் இருக்கிறது. மரிய செல்வி கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளைச் சுடிதார். பேசி வைத்துக்கொண்டு உடுத்தியதா என்று நான் கேட்கவில்லை. ஞானமணியும் கூடவே உள்ளே போகப் பார்த்தாள்.

"நீ வராதம்மா" என்றாள் ஷெரின். கதவு சாத்திக்கொண்டது.

ஞானமணி இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள். என்ன முடிவு செய்திருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. "எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே டீச்சர்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். கதை எழுதுகிறவளுக்காவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாள் போல.

உள்ளே இங்கிலீஷில் வணக்கம் சொல்கிறார்கள். ஷெரினின் குரல். பிறகு அந்த அம்மாவின் குரல், கரகரவென்று. ஷெரின் ஏதோ நீளமாகச் சொல்கிறாள். என்ன சொல்கிறாள்? மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. விசிறியை நிறுத்தலாம் என்று எழுந்தேன், நிறுத்தவில்லை. கேட்டுவிடுவேனோ என்றுதான்.

பாட்டு தொடங்கிவிட்டது.

நான் பாஸ்காவுக்குப் போனதில்லை. இந்தப் பாட்டை முழுதாக இப்போதுதான் கேட்கிறேன். மகன் தொங்குகிறான், தாய் அண்ணாந்து பார்க்கிறாள். பாட்டு மேலே மேலே போகிறது. ஞானமணியின் விரல் ஒரே மணியில் நின்றுவிட்டது. விழ வேண்டிய இடம் வருகிறது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

உள்ளே தரையில் ஒரு உடம்பு விழுந்தது.

அந்த நொடியில் பாட்டு நடுங்கியது. அறுந்துபோகவில்லை, நடுங்கிவிட்டுத் தொடர்ந்தது. விழுந்ததால் நடுங்கிய குரலா, விழுந்தவளைப் பார்த்து நடுங்கிய குரலா? கேமராவுக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாளா, இரண்டு பேரும் நிற்கிறார்களா? இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஞானமணி என்னைப் பார்க்கிறாள், திறங்களேன் என்பதுபோல. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, லேசாகத் தள்ளினால் போதும். நான் தள்ளமாட்டேன். திறக்கிற நிமிஷத்தில் உள்ளே இருப்பவர்களில் ஒருத்தியை நான் கதையை விட்டு வெளியே அனுப்பியாக வேண்டும்.

உங்களுக்கு என்னைவிடத் தைரியம் இருக்கும். நீங்கள் திறந்து பாருங்கள். விழுந்து கிடப்பவள் யாராக இருந்தாலும் முதலில் கைகொடுத்துத் தூக்கிவிடுங்கள்.