அறுபத்துநாலாவது அட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு டிவி மெக்கானிக் தன் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துச் சுவருக்குள் நடந்து போனார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போனார். சமையலறையில் நின்றிருந்த மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சாப்பிட வந்துருவீங்கல்ல?" என்று கேட்டாள். பதில் இல்லை. இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அது ஒன்றும் புதிதல்ல என்பதால் வேலையைத் தொடர்ந்தாள். ஒன்றே காலுக்கு அவர் தலையில் சுண்ணாம்புத் தூளோடும் கையில் ஓர் அட்டையோடும் வெளியே வந்தார்.

அதிர்ஷ்டத்தில் நடந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பத்தெட்டு வருட உழைப்பு அது. பதின்மூன்று வயதில் அவருக்கு ஒரு வீடியோ கேம் வாய்த்தது. கேசட்டை ஊதி ஊதிச் செருகினால் பத்துக்கு ஒரு தடவை ஓடும். நான்காவது கட்டத்தில் ஒரு கோட்டை, கோட்டையின் கோடியில் ஒரு செங்கல் சுவர். குனிந்தபடியே நாற்பத்தொரு முறை முட்டினால் சுவர் வழிவிடும், உள்ளே கேமைச் செய்தவர்கள் ஒளித்து வைத்த ரகசிய அறை இருக்கிறது என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். சொன்னவன் பிற்பாடு வீட்டு மனைத் தரகரானான் என்பதை வைத்தாவது மெக்கானிக் சுதாரித்திருக்கலாம். சுதாரிக்கவில்லை. பதினொரு கோடை விடுமுறைகள் முட்டினார். கேமில் சுவர் அசையாது என்று ஒருவழியாகத் தெரிந்ததும், நியாயமான எந்த மனிதரும் செய்வதுபோல, வீட்டுச் சுவர்களை முட்டத் தொடங்கினார். மூன்று வாடகை வீடுகளை முட்டி முடித்து நான்காவதாக இந்த அடுக்குமாடிக்கு வந்திருந்தார். "ஊர்ல ஒருத்தர் குடிக்கிறார், ஒருத்தர் சீட்டாடுறார். இவர் முட்டுறார். சத்தமும் பெருசா வராது" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

உள்ளே இருந்தது எட்டுக்கு எட்டில் ஒரு நீல அறை. எங்கிருந்தோ பழைய கேம்களின் கிணுகிணுச் சங்கீதம் ஒரே துண்டாகத் திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் ஒரு மேஜை, மேஜையில் ஓர் அட்டை. ஜப்பான்காரர்கள் அச்சடிக்கிற, சாய்த்துப் பார்த்தால் பளபளக்கிற, பிராணிகளைப் போட்டுச் சண்டைக்கு விடுகிற அந்த வகை அட்டை. மெக்கானிக்குக்கு அது வேண்டாத பொருள். ஆனால் மனைவியின் அண்ணனுக்கு அதுதான் உயிர்.

அண்ணன் ஒரு கூரியர் ஆபீஸில் மேனேஜர். இருபது வருடங்களாக அட்டை சேர்க்கிறார். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் படாத அலமாரியில் இருக்கும். அவருடைய கல்யாண ஆல்பம் பரணில் பூஞ்சை பூத்துக் கிடந்தது, அது வேறு விஷயம். அட்டைகளுக்காகவே ஜப்பானிய மொழி படித்தவர். ஆகையால் அந்த மொழியில் அவருக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது. "நாணயத்தைச் சுண்டு, தலை விழுந்தால் எதிரி தூங்கிப் போவான்" என்று மட்டும் சரளமாகச் சொல்வார். மச்சானுடைய முட்டலை அவரும், அவருடைய அட்டைகளை மச்சானும் பைத்தியக்காரத்தனம் என்றே நம்பி வந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதும் சரி.

அண்ணன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். படத்தில் இருந்தது பிராணி இல்லை. கீழ் வீட்டில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர். உயிர்ப் புள்ளி முப்பது. திறமை: நீண்ட உரை. விளைவு: எதிரில் இருப்பவர் இரண்டு சுற்றுக்குத் தூங்குவார். செயலாளருக்குத் தகவல் போனது.

"முப்பதா? நல்லாப் பாருங்க சார், ஒரு சைபர் அழிஞ்சிருக்கும்."

"அழியல சார். இது அச்சுலயே முப்பதுதான்."

பிறகு ஒவ்வொரு செவ்வாயும், கடைக்கு விடுமுறை நாள் என்பதால், மெக்கானிக் முட்டி உள்ளே போனார். ஒவ்வொரு தடவையும் ஓர் அட்டை. பதினாறு வீடுகள், அறுபத்துநாலு பேர். அடுக்குமாடியில் ஒவ்வொருவர் முகமாக வந்துகொண்டிருந்தது. சுவருக்குள் எப்படி அறை வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தனக்கு எத்தனை புள்ளி என்றுதான் கேட்டார்கள். நூற்றிருபது பெற்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அதன்பிறகு லிஃப்ட்டுக்காகக் காத்திருப்பதை நிறுத்தினார். மற்றவர்கள் இறங்கி வழிவிட்டார்கள். 'பலவீனம்: நீர்' என்று வந்த பல் டாக்டர் குளிப்பதை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டார், அந்தத் தியாகத்தை முதலில் உணர்ந்தவர்கள் அவருடைய நோயாளிகள். ஒரு நிச்சயதார்த்தம், பெண் மின்சார வகை, பையன் நீர் வகை என்பதால் நின்றுபோனது. மெக்கானிக்குக்கே நாற்பதுதான் வந்தது. திறமை: சுவர் முட்டல். விளைவு: தனக்கே பத்துப் புள்ளி சேதம்.

ஒன்றேகால் வருடத்தில் அறுபத்து மூன்று அட்டைகள் வந்தன. வராதது மெக்கானிக்கின் மனைவியுடையது மட்டும்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலை ஆறரைக்குப் போய் ஊர்க்காரர்களின் கையில் ஊசி குத்தி, குப்பிகளுக்குப் பெயர் ஒட்டி, மதியம் வந்து வீட்டு வேலையைத் தொடங்குவாள். லிஃப்ட் புள்ளி உள்ளவர்களுக்கென்று ஆகிவிட்டதால் அவளுக்குப் படிதான்; இப்போதெல்லாம் ஏறும்போது இரண்டாவது மாடியில் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்கார்ந்திருக்கும்போது கடந்து போகிறவர்கள், "உனக்கு இன்னும் வரலையாம்மா?" என்று விசாரித்தார்கள். கல்யாணமான புதிதில் குழந்தையைப் பற்றி ஏழு வருடம் இதே குரலில்தான் விசாரித்தார்கள், பிறகு அலுத்து நிறுத்தினார்கள். பழகிய கேள்வி என்பதால் அவள் பழைய பதிலையே சொன்னாள்: "வரும்போது வரட்டும்." ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு அது தாங்கவில்லை. "ஒண்ணு குறைஞ்சா அது செட்டே இல்ல மச்சான். வெறும் குப்பை" என்றார். தங்கை பெயர் எழுதிய காலிப் பெட்டியைச் சமையலறை அலமாரியில் கொண்டுவந்து வைத்தார். மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் உள்ளே போகத் தொடங்கினார். ரகசிய அறைக்குள் இன்னொரு ரகசிய அறை இருக்கும், அவளுடைய அட்டை அங்கேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டார். முதலில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு பகல். கடைசியாக உள்ளே போனவர் நான்கு நாட்கள் வெளியே வரவில்லை. அவள் சுவரோரம் தட்டை வைத்தாள், தட்டு அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் வேலைக்கு லீவு சொன்னாள். வாஷிங் மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினாள். முட்டவில்லை, குனியவில்லை, எண்ணவில்லை. பஸ்ஸில் ஏறுவதுபோல முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். சுவர் வழிவிட்டது. முப்பத்தெட்டு வருடத்தை நினைத்து இங்கே யாரும் வருத்தப்பட வேண்டாம்.

அவர் எதிர்ச் சுவரில் நெற்றியை வைத்து நின்றிருந்தார். நெற்றி வீங்கியிருந்தது. மேஜையில் ஒன்றும் இல்லை. அவள் மேஜைமேல் உட்கார்ந்தாள், நிற்க முடியவில்லை.

"எத்தனை தடவ முட்டியாச்சு?"

"எண்ணல. ரெண்டாயிரம் இருக்கும். நீ எப்படி உள்ள வந்த?"

"நடந்து வந்தேன். அந்த அட்டை எதுக்குங்க உங்களுக்கு?"

அவர் திரும்பினார். "உன் அண்ணனுக்காக இல்ல. எல்லாருக்கும் போட்டிருக்கு. உனக்கு எவ்வளவு உயிர்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"ஆறு புள்ளி எட்டு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"ஹீமோகுளோபின். பன்னெண்டாவது இருக்கணும். என் ரத்தத்த நானே எடுத்து, நானே டெஸ்ட் பண்ணேன். மூணு மாசம் ஆச்சு. உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன். ஒரு தடவ நீங்க உள்ள இருந்தீங்க. இன்னொரு தடவ வெளியதான் இருந்தீங்க."

அவர் அவளைப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார், டாக்டர்கள் செய்வதை எங்கோ பார்த்த ஞாபகத்தில். அதுவும் வெளுத்திருந்தது. டிவிக்குள் எந்தப் பாகம் சூடாகிறது என்று மூடியைக் கழற்றாமலே சொல்கிறவர், "எனக்குத் தெரியலையே" என்றார்.

"தெரிஞ்சிருச்சுல்ல. எந்திரிக்கக் கை குடுங்க, தலை சுத்துது."

அவர் கை கொடுக்கவில்லை, தூக்கிக்கொண்டார். அப்படியே சுவரைத் தாண்டி, செருப்பில்லாமல் நான்கு மாடி இறங்கினார். லிஃப்ட்டில் தலைமையாசிரியை இருந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி, அதுதான் ரத்தத்தையெல்லாம் வெளியேற்றிக்கொண்டிருந்தது என்று எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அண்ணன் மறக்காமல் காலிப் பெட்டியோடு பார்க்க வந்தார். "அண்ணா, அதுல நாலு பழம் வெச்சுக் கொண்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் தங்கை. அவர் பெட்டியைப் பார்த்தார், அவள் கையில் இறங்கும் ஊசியைப் பார்த்தார். வெளியே போனவர் அரைமணி நேரம் கழித்து ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, தோலை உரித்துக் கொடுத்தார். அவர் கையுறை இல்லாமல் ஒன்றைத் தொடுவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அறுபத்துநாலாவது அட்டை வரவேயில்லை. பிறகு மேஜையில் வந்ததெல்லாம் ஏற்கெனவே வந்தவைதான். முதலில் செயலாளர் இரண்டாம் முறையாக வந்தார், அப்போதும் முப்பதுதான். சேகரிப்பவர்கள் இரட்டைப் பிரதியை மதிப்பதில்லை; அடுக்குமாடியிலும் மெல்ல ஆர்வம் வடிந்தது. பல் டாக்டர் குளிக்கத் தொடங்கினார். மெக்கானிக் காலையில் கடையைத் திறக்கிறார், மாதம் ஒருமுறை மனைவியோடு பரிசோதனை நிலையத்துக்குப் போய் அவளுடைய எண்ணைத் தானே வாங்கி வாசிக்கிறார். போன மாதம் பன்னிரண்டு புள்ளி ஒன்று.

அந்த அறையை இப்போது அவள்தான் வைத்திருக்கிறாள். மதிய வெயிலுக்கு அங்கே குளுமையாக இருக்கிறது. மேஜையை ஓரம் தள்ளிவிட்டு ஒரு பாய் போட்டிருக்கிறாள். போன் சிக்னல் வராது, சங்கீதம் மட்டும் கொஞ்சம் தொந்தரவு. போன வாரம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், அவள் தலையணையோடு சுவரிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார். ரீடிங்கை எழுதிக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினார்.