நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு விரல்

1

மனித நரம்பு மண்டலத்தைப் பற்றி எழுதப்பட்ட கதைகளிலேயே மிக நேர்மையானது இதுதான். எழுதி முடிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். முடித்தபின் சொன்னால் தற்பெருமை என்பார்கள்.

மற்ற எழுத்தாளர்கள்மேல் எனக்கு ஒரே ஒரு புகார் உண்டு. கதாபாத்திரத்தை ஆற்றில் தள்ளுவார்கள். மூழ்கப்போகும் நேரத்தில் ஒரு கட்டையை மிதக்க விடுவார்கள். கட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "வாழ்க்கை" என்பார்கள். அறிவியல் படித்தவன் கட்டை மிதக்க விடமாட்டான். நான் உடலியல், இரண்டாம் ஆண்டு.

கதை பிறந்த விதம் இது: கல்லூரி இதழில் நான்கு பக்கம் காலியாகிவிட்டது. (முதல்வர் தம்முடைய பயணக் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பயணமே போகவில்லை என்பது அவருக்குத் தாமதமாக நினைவுக்கு வந்தது என்கிறார்கள்.) இதழின் ஆசிரியை என் வகுப்புத் தோழி. எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிடுவதால் அவளுக்குக் கத்திரி என்று பெயர். மாடிப்படியில் வைத்து என்னைப் பிடித்தாள்.

"டேய், நரம்பு மண்டலம் பத்தி எதாவது எழுதித் தா. பரீட்சைப் பேப்பர் மாதிரி இருந்துச்சு, உன்ன அப்படியே கீழ தள்ளிருவேன்."

"கதையா எழுதறேன்."

"கதைன்னா ஆள் வேணும்."

"ஆள் எதுக்கு? ஒரு கை போதும்."

அந்தக் கை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மணிக்கட்டோடு நறுக்கிய கை, கீழே நெருப்பு, அங்கிருந்து கிளம்பும் அம்புக்குறிகள். கை யாருடையது, போயும் போயும் எதற்காக நெருப்பில் வைத்தார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்டுத் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அதிகாலைப் பனித்திரை மெல்ல விலக —' (பனிக்கும் நரம்புக்கும் என்ன உறவு? அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: 'நரம்பு மண்டலம் இரு பெரும் பிரிவுகளை உடையது. அவையாவன —' (கத்திரி கொட்டாவி விட்டாள். கொட்டாவியும் நரம்பு மண்டலத்தின் வேலைதான் என்று எடுத்துச் சொன்னேன். இன்னொன்று விட்டாள்.)

மூன்றாம் தொடக்கம்:

ஓட்டல் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. ஒரு கோடியில் துவைக்கும் இயந்திரங்கள், மறுகோடியில் உலர்த்தும் இயந்திரம், நடுவில் தேய்க்கும் மேசைகள். ஜன்னலோர மேசையில் நிற்பவளை எல்லாரும் அக்கா என்பார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. சட்டைக் கழுத்துப்பட்டை என்றால் அவள் கைதான்.

அங்கே தேய்ப்பவர்கள் யாரும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக் குமிழை நம்புவதில்லை. ஆட்காட்டி விரலை நனைத்து, பெட்டியின் அடியைச் சுருக்கென்று தொட்டு எடுப்பார்கள். பருத்திக்கு இது போதும், பட்டுக்கு இது ஆகாது என்று விரல் சொல்லிவிடும்.

அக்காவின் விரல் சில மாதங்களாக எதுவும் சொல்வதில்லை. சர்க்கரை நோய். முதலில் உணர்வு போனது பாதத்தில்தான்.* பக்கத்து மேசைப் பெண், எல்லாரும் வாலு என்று கூப்பிடுகிற பெண், ஒருநாள் சத்தம் போட்டாள்:

"அக்கா, உங்க செருப்பு ஒத்தையா படியில உக்காந்திருக்கு. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"ஆமாண்டி, கூட வரமாட்டேன்னு ஒரே அடம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது.

விரல் மரத்தபோது கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை. அவர் அதே கூடத்தில்தான் உலர்த்தும் இயந்திரத்துக்குத் துணி போடுகிறார். அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு விதி உண்டு: விரல் மரத்தவர்கள் தேய்க்கக் கூடாது, அழுக்கு பிரிக்கும் அறைக்குப் போக வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. அங்கே போனவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பியதில்லை.

ஆகவே அக்கா காதால் தொடப் பழகிக்கொண்டாள். ஈர விரல் இரும்பில் பட்டால் 'ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் கையை எடுத்துவிடுவாள், சத்தத்தை வைத்தே சூட்டையும் கணித்துவிடுவாள். ஒரு கழுத்துப்பட்டைகூடக் கருகவில்லை.

(* உடலிலேயே நீளமான நரம்பிழைகள் பாதத்துக்குப் போகிறவை. ஆகவே இந்த நோயில் பெரும்பாலும் அவைதான் முதலில் கெடும், கை பிறகு. நெடுந்தூரப் பேருந்துதான் வழியில் நிற்கும். இந்த உவமையை எழுதியபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.)

3

இப்போது அறிவியல். மூளையும் தண்டுவடமும் தலைமையகம். அங்கிருந்து உடம்பெங்கும் கிளை பிரிந்து ஓடுபவை புற நரம்புகள். இவற்றில் சில இழைகள் செய்தியை உள்ளே கொண்டுபோகும். சில கட்டளையை வெளியே கொண்டுவரும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. அரசு அலுவலகம் எதைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று புரிகிறதா?

ஆனால் நெருப்பு என்று வந்தால் கோப்பு மேலே போய்க் கையெழுத்தாகித் திரும்பும்வரை காத்திருக்க முடியாது. விரலின் செய்தி தண்டுவடத்தை எட்டிய உடனே, "இழு" என்ற கட்டளை அங்கிருந்தே தசைக்குப் போய்விடும். மூளைக்கு வலி தெரிவதற்குள் கை பின்னால் வந்திருக்கும். இதுதான் அனிச்சைச் செயல். மனிதன் முதலில் கையை இழுக்கிறான், பிறகுதான் "ஆ" என்கிறான், அதற்கும் பிறகு காரணம் சொல்கிறான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. பூனைக்குச் சூடு தெரியவில்லை என்றால்? அடுப்பிலேயே படுத்துக்கொள்ளும். அக்காவின் தசை நன்றாக இருக்கிறது, தண்டுவடம் நன்றாக இருக்கிறது, மூளை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. உள்ளே செய்தி கொண்டுபோகும் இழைகள் மட்டும்தான் வேலைக்கு வரவில்லை.

இனி சம்பவம். சலவைக்கூடத்துக்குப் புதிதாக ஓர் உலர்த்தும் இயந்திரம் வந்தது. பழையதைவிட மூன்று மடங்கு பெரியது. சத்தம் அதற்கும் மேல். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அன்று காலை அக்கா விரலை நனைத்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் திருப்பினாள். விரலைக் கொண்டுபோனாள். விரலுக்கும் இரும்புக்கும் நடுவே ஓர் அரிசி அளவு இடைவெளி —

(தொடர்ச்சி 41ஆம் பக்கம்)

4

இது நாற்பத்தோராம் பக்கம். இடைப்பட்ட பக்கங்களில் விளையாட்டு விழாப் படங்கள் வந்திருக்கும். பார்த்திருப்பீர்கள்.

மேலே உள்ளதைக் கத்திரியிடம் கொடுத்துவிட்டு, மீதியை எழுத நூலகத்தில் உட்கார்ந்தேன். திட்டம் தெளிவாகவே இருந்தது. விரல் படும், சத்தம் கேட்காது, தோல் வேகும். அனிச்சைச் செயல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

எழுதினேன். 'வாலுதான் முதலில் வாசனையை —'

அங்கேயே நின்றுவிட்டது. உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. இது தன்னியக்கப் பிரிவின் வேலை. இதயம், குடல், வியர்வை எல்லாம் அதன் பொறுப்பு. அதில் ஒரு கிளை முடுக்கிவிடும், இன்னொன்று அமர்த்தும். நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. தேர்வில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண். நெஞ்சு அதனாலெல்லாம் அடங்கவில்லை.

கத்திரியைத் தேடிக்கொண்டு ஓடினேன்.

"அந்த நோயை எடுத்துரலாம். ரெண்டாவது பகுதியை மாத்தி எழுதித் தரேன்."

"எதை மாத்துவ? அச்சாயி, மடிச்சு, அடுக்கி வெச்சாச்சு. நாப்பத்தொன்னாம் பக்கம் ஒன்னுதான் பாக்கி."

"அந்தக் கடைசி வரியாவது..."

"வெரலும் அரிசியும்தானே? அது அட்டகாசம்டா. நான் ஒரு எழுத்துகூட வெட்டல."

வாழ்நாளில் முதல்முறையாக அவள் வெட்டாமல் விட்டது அதைத்தான்.

வரைபடத்துக்கு ஒரு கை வேண்டியிருந்தது எனக்கு. கை தனியாக வராது, ஆளோடுதான் வரும் என்பது எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு நான் ஒரு சிரிப்புக் கொடுத்தேன், ஒரு ஜன்னல் கொடுத்தேன், அடம்பிடிக்கும் செருப்பு கொடுத்தேன். எல்லாம் அம்புக்குறி வரைவதற்காக. பேருந்து உவமைக்காக ஒரு பெண்ணின் பாதத்தை மரக்கவைத்தேன். அந்த உவமை இப்போது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அச்சாகிவிட்டது.

5

மாற்று முடிவுகள்:

(அ) மேலே சொன்ன திட்டம்: தோல் வேகிறது.

(ஆ) வாலு பாய்ந்து வந்து கையைத் தட்டிவிடுகிறாள். (மேசையிலிருந்து மேசைக்கு ஆறடி. விரலுக்கு ஓர் அரிசி. யாரை ஏமாற்றுகிறேன்?)

(இ) மருத்துவர் ஒருவர் வந்து குணப்படுத்துகிறார். (பொய். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் நோய் மேலே ஏறுவதைத் தாமதப்படுத்தலாம். போன உணர்வு பெரும்பாலும் போனதுதான்.)

(ஈ) 'பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு மாலை வேளையில் —' (சீ.)

கத்திரி நான்கையும் படித்தாள். கையில் சிவப்புப் பேனா இருந்தது, மூடியைத் திறக்கவில்லை.

"அவ புருஷன் அதே கூடத்துலதானே இருக்கார். அவர்கிட்ட அவ ஏன்டா சொல்லல?"

"சொன்னா அழுக்கு அறைக்கு அனுப்பிருவாங்க."

"யாரு அனுப்புவா?"

"சலவைக்கூடத்து விதி அது."

"டேய். அந்த விதியை வெச்சதே நீதானே?"

அந்த அறையைக் கட்டியவன் நான். ஜன்னல் வைக்காமல் விட்டவனும் நான்தான். வைத்திருந்தால் ஒரு வரி அதிகமாகியிருக்கும், அவ்வளவே. போனவர்கள் யாரும் திரும்பியதில்லை என்ற வாக்கியம், உண்மையைச் சொன்னால், ஓசைக்காக எழுதியது. அந்த ஓசைக்குப் பயந்துதான் ஒருத்தி தன் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்காமல் இத்தனை மாதம் இருந்திருக்கிறாள்.

"சாயங்காலத்துக்குள்ள தா. அச்சகத்துல ஆள் காத்திட்டு இருக்கார்," என்றாள் கத்திரி. போகும்போது திரும்பி, "பாவம்டா அவங்க," என்றாள். யாரைப் பற்றியும் அவள் 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் துறைத் தலைவர்கூட அவளுக்கு 'அது'தான்.

6

விரலுக்கும் இரும்புக்கும் நடுவே ஓர் அரிசி அளவு இடைவெளி.

கூடத்தின் மறுகோடியில் அவள் கணவர் உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்தார். கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். கூடம் சட்டென்று ஓய்ந்தது.

ஸ்.

அக்கா கையை எடுத்தாள். விரல்நுனி லேசாக வெளுத்திருந்தது, வேகவில்லை.

"என்னாச்சுண்ணே? துணி காஞ்சிருச்சா?" என்றாள் வாலு.

"இல்லம்மா. இப்பதான் போட்டேன்." அவர் தன் கையைப் பார்த்தார். "எதுக்குத் திறந்தேன்னே தெரியல. கை தானா போச்சு."

அவர் மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். வெளுத்த விரலைப் பார்த்தார். பிறகு ஆவி பறக்கும் இரும்பைப் பார்த்தார்.

"சுட்டிருக்கணுமே. கத்தவே இல்ல நீ."

அக்கா விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க..." என்றாள்.

வாலு துணி எடுக்கப் போவதுபோல அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

என் கதை இவ்வளவுதான். கத்திரியிடம் கேட்டு, இதற்குக் கீழே பாதிப் பக்கத்தை வெற்றாக வாங்கி வைத்திருக்கிறேன். 'ஏங்க'வுக்குப் பிறகு அவள் என்ன சொன்னாள், அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அழுக்கு அறைக்கு ஒரு ஜன்னல் வைக்க விரும்பினால் வையுங்கள்; நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவசரமில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த இயந்திரத்தின் கதவை மட்டும் யாரும் மூடிவிடாதீர்கள்.