மாமா பிடித்துக் கொடுத்த எதிராளி

குத்துச்சண்டையில் இறங்கிய முதல் வருஷமே தம்பி நாலு பேரை வரிசையாகச் சாய்த்தான். நாலு பேருமே சொத்தைகள். ஒருவனுக்கு மேடையேறும்போதே மூச்சு வாங்கியது. அக்காவுக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் மேனேஜராக இருந்தவர் சொந்தத் தாய்மாமன். அப்பா இல்லாத வீட்டில் அவர் கிழித்ததுதான் கோடு.

"இப்படி நோஞ்சானுங்களை அடிச்சு என்னத்த மாமா கத்துக்குவான்?" என்று ஒருமுறை கேட்டாள். அவள் பார்லரில் முடி வெட்டுகிறவள்.

"நீ முடியைப் பாரு, நாங்க மூக்கைப் பாத்துக்கறோம்" என்று சிரித்தார்.

ஐந்தாவது சண்டைக்கு ஒப்புக்கொண்டவன் காய்ச்சல் என்று கடைசி வாரத்தில் கழன்றுகொண்டான். சண்டையைத் தள்ளிப் போட்டிருக்கலாம். தம்பியின் தரத்துக்கு வேறு ஆளைத் தேடியிருக்கலாம். மாமாவோ போஸ்டருக்கு எடுப்பான முகத்தைத் தேடினார். கிடைத்தவன் பழைய சாம்பியன், 'இடிக்கட்டை' என்று பேரெடுத்தவன், தம்பியைவிட ஒரு எடைப் பிரிவு மேலே.

"அவனுக்கு வயசாயிடுச்சு மாப்ளே. ஒரே தாவுல உச்சிக்குப் போயிடலாம்."

மாமா வாக்கு தம்பிக்கு வேதவாக்கு. தலையாட்டினான்.

வயசானது இடிக்கட்டையின் கால்களுக்குத்தான், கைகளுக்கு இல்லை. நாலாவது ரவுண்டில் தம்பியின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. "துண்டை வீசுங்க மாமா! நிறுத்துங்க!" என்று அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. "தாங்குவான், தாங்குவான்" என்றார், ஏதோ அடி தனக்கு விழுவதுபோல. ஆறாவது ரவுண்டில் நடுவரே பார்க்கச் சகிக்காமல் நிறுத்தினார்.

வீக்கம் வடிந்தபின் ஒருநாள் தம்பி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் மேஜையில் விழுந்தது. அக்கா அவன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "இது எத்தனை விரல்?" என்றாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"மாமாவுக்குத் தெரியும்க்கா. சண்டைக்கு முன்னாடி டாக்டர் கேட்டா நல்லாத் தெரியுதுன்னு சொல்லச் சொல்லியிருக்காரு. அடுத்த சண்டை பேசியாச்சு. மறுபடியும் இடிக்கட்டையோடதான்."

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேரே மாமா வீட்டுக்குப் போய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வண்டி ஓட்டுறவன்கூட டயர்ல காத்து இருக்கான்னு பாத்துட்டுத்தான் எடுப்பான். உங்க ரத்தம்தானே மாமா அவன்?"

"தோத்த அவமானத்தைத் துடைக்க வேண்டாமா?"

"யாரோட அவமானம்? அடி வாங்கின மூஞ்சி அவனோடது. அவமானம் மட்டும் உங்களோடதா?"

"பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது" என்று கதவைச் சாத்தினார்.

சண்டைக்கு முன் எடை பார்க்கும் நாளில் அவள் மண்டபத்துக்கே போய், வீரர்களைச் சோதிக்க வந்திருந்த டாக்டரிடம் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உடனே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விழித்திரை கிழிந்திருந்தது. சண்டை ரத்து. அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை. இடது கண்ணில் பாதிப் பார்வையைத்தான் காப்பாற்ற முடிந்தது. இனி மேடையேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பி அவளைத்தான் ஏசினான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! சந்தோஷமா?"

"ஏசுடா. நல்லா ஏசு. என் மூஞ்சியைப் பாத்து ஏசுறதுக்காவது கண்ணு மிஞ்சுச்சே."

மாமா ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பயல் பயந்து ஒதுங்கிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் சுவரில் புதுப் போஸ்டர் முளைத்தது: இன்னொரு சின்னப் பையன், எதிரே அதே இடிக்கட்டை, மூலையில் கும்பிட்டபடி மாமா.

அக்கா அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனாள். அவன் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "உங்க தம்பிக்குத் தைரியம் இல்லைன்னு உங்க மாமாவே சொன்னாரே" என்றாள்.

அக்கா கதவைக் கையால் தடுத்துப் பிடித்தாள்.

"கதவை நல்லாத் தெறங்கம்மா" என்றாள். "அந்தத் தைரியத்தோட கதையை முழுசாச் சொல்லாம நான் இங்கிருந்து நகர மாட்டேன்."