தெரிஞ்ச ஆள்

காலை ஏழரை மணிக்கே தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தியைப் பள்ளியிலிருந்து யார் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல் அது. அப்பா என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அந்த அப்பா என் தம்பி.

"கோர்ட்ல இருந்து உத்தரவு வந்திருக்கு. அவர் பள்ளிக்கூடத்துக்குள்ளயே வரக்கூடாது. நீங்க வேணும்னா ஒரு மாசம் பின்வாசலுக்கு மாறிக்கோங்க" என்றார்.

"எதுக்கு மேடம்? ஏழு வருஷமா முன்வாசல்ல காவலுக்கு நிக்கிறேன். தம்பியா இருந்தா என்ன, தாசில்தாரா இருந்தா என்ன" என்றேன். எனக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு அதிகம்.

என் தம்பி கெட்டவன் இல்லை, அவசரக்குடுக்கை. மனைவி பிரிந்து போனதிலிருந்து மகளை நினைத்தே உருகிக்கொண்டிருந்தான். போன மாதம் பல் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிப் பாப்பாவை அழைத்துப் போனவன், இரண்டு நாள் பஸ் பஸ்ஸாக ஊர் சுற்றினான். போனை அணைத்து வைத்துவிட்டான். திரும்பி வந்தபோது குழந்தைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். அதன் பிறகுதான் கோர்ட், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அதுவும் யாராவது கூட இருந்தால் மட்டும் பார்க்கலாம் என்று சொன்னது. அவனுக்காக எனக்கு அழுகை வந்தது, அவன்மேல் கோபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் அன்றைக்கு வாசலில் நின்றேன்.

பதினொன்றே கால் மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான்கு வருடமாக அந்த நேரத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும். தம்பி பாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருவான். அவன் ஸ்டாண்டு போடுவதற்குள் நான் தாழ்ப்பாளை இழுத்திருப்பேன். அன்றைக்கும் இழுத்துவிட்டேன்.

அவன் உள்ளே வந்து நான்கு அடி வைத்த பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

"டேய், நில்லுடா!"

"அஞ்சே நிமிஷம்கா. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "கைய நீட்டாதே, கத்தாதே. வெளிய போற வழியை அடைக்காதே. பேச்சை மட்டும் விடாதே. அதுக்கு முன்னாடி உள்ள தகவல் சொல்லிடு. உன் வீரத்தை எல்லாம் வீட்ல போய்க் காட்டு" என்பார். கடப்பாரையோடு வருகிறவனை விடச் சிரித்துக்கொண்டு வருகிறவனைத்தான் நிறுத்துவது கஷ்டம் என்றும் சொல்வார். அவர் பேசும்போது நான் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு முன்னால் போய், இரண்டு கை தூரம் விட்டு நின்றேன். வாக்கிடாக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

"முன்வாசல். அனுமதி இல்லாம ஒருத்தர் உள்ள வந்துட்டார்."

"அடையாளம் சொல்லுங்க" என்றது அலுவலகத்தில் இருக்கும் கிளார்க் அம்மாவின் குரல்.

"ஆம்பளை. முப்பத்தெட்டு வயசு. நீலச் சட்டை. இடது புருவத்துல தழும்பு." அவனுக்கு ஆறு வயதில் ஊஞ்சலிலிருந்து நான் தள்ளிவிட்டதில் வந்த தழும்பு அது.

"கையில ஆயுதம் ஏதாவது?"

"சாப்பாட்டுப் பை."

"தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளா?"

தம்பி என்னையே பார்த்தான். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். சின்ன வயதில் அவன் உடைத்ததற்கெல்லாம் நான்தான் பழி ஏற்றுக்கொள்வேன்.

"தெரிஞ்ச ஆள்" என்றேன். "என் தம்பி."

ஆபத்து மணி மூன்று முறை விட்டு விட்டு அடித்தது. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் உள்ளே கூட்டிப் போனார்கள். வகுப்புக் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன, திரைச்சீலைகளும் இழுக்கப்பட்டன.

"காட்டிக் குடுத்துட்டியேக்கா. வழிய விடு. நான் என்ன அவளைத் தூக்கிட்டா ஓடப் போறேன்?"

"போன மாசம் ஓடுனியே."

"காய்ச்சல் வரும்னு நான் என்ன கனவா கண்டேன்?" மாடிப்படியைப் பார்த்து ஒரு அடி வைத்தான். நானும் ஒரு அடி நகர்ந்தேன். அவன் தள்ளினால் நான் விழுந்துவிடுவேன். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

"பள்ளிக்கூடத்துல ஏதாவது சத்தம் கேக்குதாடா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலையே."

"நானூறு பிள்ளைங்கடா. எல்லாம் இப்போ பெஞ்சுக்கு அடியில வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. உன் பொண்ணும்தான். உள்ள வந்திருக்குறது யாருன்னு அவளுக்குத் தெரியாது. யாரோ திருடன்னு நினைச்சு நடுங்கிட்டிருப்பா."

அவன் மேல் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

"அவளுக்கு இருட்டுன்னாலே பயம்கா" என்றான்.

"தெரியும்."

"போயிடுறேன். வந்தது நான்னு அவகிட்ட சொல்லிடாதே." பையை என்னிடம் நீட்டினான். "இதை மட்டும் குடுத்துடு."

"வாங்கக்கூடாதுடா. எடுத்துட்டுப் போ." பையை அவன் பக்கமே தள்ளினேன். "சனிக்கிழமை வா. கூட ஆள் இருக்கணும்னுதானே சொன்னாங்க? லீவு போட்டுட்டு நான் வந்து உக்காருறேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே தானாக வெளியே நடந்தான். கதவைச் சாத்தினேன். எதிர்ப்பக்க நடைபாதையில், போலீஸ் வரும்வரை, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் விசாரித்து எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள்.

மதியம் அறிக்கை எழுதினேன். கதவைத் திறந்தது நான்தான் என்பதையும் எழுதினேன். தலைமையாசிரியை அந்த வரியில் விரலை வைத்து, "பின்வாசலுக்குப் போங்கன்னு சொன்னேனே" என்றார். "சொன்னீங்க மேடம்" என்றேன். என் வேலை இருக்குமா என்று செக்யூரிட்டி கம்பெனி நாளைக்குச் சொல்லுமாம்.

மூன்றரை மணிக்குத் தம்பி மனைவி பாப்பாவை அழைத்துப் போக வந்தாள். பள்ளியிலிருந்து அவளுக்குப் போன் போயிருந்தது. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பாப்பா ஓடி வந்துவிட்டாள்.

"அத்தை, இன்னைக்கு ஒருத்தர் உள்ள வந்துட்டாராம்! நாங்க பெஞ்சுக்கு அடியில இருந்தோம். நான் கொஞ்சம்தான் அழுதேன்."

"சமத்து."

"அவர் எங்களை என்ன பண்ண வந்தார்?"

"ஒண்ணும் பண்ண வரலைடா கண்ணு. பாக்கத்தான் வந்தார். நீங்க பயப்படுறீங்கன்னு தெரிஞ்சதும் போயிட்டார்."

"அப்போ நல்லவர்தான்" என்றாள் பாப்பா. "அடுத்த தடவை கேட்டுட்டு வரச் சொல்லுங்க அத்தை. நாங்க பயப்பட மாட்டோம்."

சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.