மஞ்சள் வைக்காத விளக்கு

மாசா மாசம் வருகிற பெட்டி இந்த மாசமும் வந்துவிட்டது. கொண்டுவந்தவனைச் சொல்லி என்ன குற்றம்? கடலுக்குப் போன மனுஷன் இன்னும் திரும்பாத வீடு என்று கதவில் எழுதியா ஒட்டியிருக்கிறது? "பஞ்சநாதன் சாருக்குங்க" என்று சிரித்த முகமாக நீட்டினான். நீலாயதாட்சி புருஷன் பேருக்கு வந்ததை வாங்கிவந்து, பிரிக்காமலேயே அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள்.

மகன் சசிதரன் செய்த ஏற்பாடு அது. தோஹாவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை அவனுக்கு. காட்டிலும் மலையிலும் சுற்றுகிறவர்களுக்கு, ஆபத்தில் உயிர் தப்ப உதவும் சாமான்களை மாதம் ஒரு பெட்டியாக அனுப்புகிற கம்பெனியில் அப்பா பேருக்குச் சந்தா கட்டியிருந்தான். அப்பா மலையேறுகிறவர் இல்லை, பைபர் படகில் மீன் பிடிக்கிறவர்தான். இருந்தாலும் உயிர் எல்லாருக்கும் ஒன்றுதானே.

முதல் பெட்டியில் கையால் சுற்றினால் எரிகிற டார்ச் வந்தது. அடுத்ததில் விசிலும், வெள்ளித்தாள் போர்வையும். பஞ்சநாதன் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் நின்று, "எப்படிடி இருக்கேன், மாப்பிள்ளையாட்டம் இருக்கேனா?" என்றான்.

"பொட்டலம் கட்டுன பிரியாணியாட்டம் இருக்கீங்க. கழட்டுங்க, சூடு ஆறிடப் போவுது."

எப்படிச் சிரித்தார்கள் அன்றைக்கு! தெருவே எட்டிப் பார்த்தது.

மூன்றாவது பெட்டியில்தான் அந்த விளக்கு வந்து தொலைந்தது. உள்ளங்கை அகலம், ஆரஞ்சு நிறம், சட்டையில் மாட்ட ஒரு கொக்கி. தண்ணீர் பட்டால் தானே எரியும் என்று சசிதரன் போனில் சொன்னான். கூட ஒரு அட்டை இருந்தது. அதில் கடல், கடலுக்கு நடுவே ஒரு தலை, மேலே தூக்கிய ஒரு கை. அதைப் பார்த்த மாத்திரத்தில் நீலாயதாட்சி அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தத் தெருவில் புதுச் சாமான் எதுவானாலும், வலையோ எஞ்சினோ, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டாமல் படகேறாது. வைக்க வேண்டியது வீட்டுப் பெண்ணின் கை. டார்ச்சுக்கு வைத்தாள், விசிலுக்குக்கூடச் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டு வைத்தாள். இதற்கு எப்படி வைப்பாள்? புருஷன் தண்ணீரில் விழுந்தால்தான் எரியும் என்கிற சாமானுக்கு மஞ்சள் தடவுவதும், விழு என்று வேண்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று பட்டது அவளுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கவில்லை என்றாள். மறு வெள்ளிக்கிழமை சூடம் தீர்ந்துவிட்டது என்றாள். விளக்கோ பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது.

கடைசியாகக் கிளம்பிய அன்றும் அவன் கேட்டான். "எங்கடி அந்த லைட்டு? பய போன் போட்டுத் தொளைக்கிறான்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமதானே, மஞ்ச வச்சுத் தர்றேன். ஒரு நாளுல என்ன குடி முழுகிப் போவுது?"

சரிதான் என்று போய்விட்டான். போகிற வழியில் மகனிடம் போனில், "எல்லாம் எடுத்துட்டுத்தாண்டா போறேன், நீ உன் வேலயப் பாரு" என்றும் சொல்லியிருக்கிறான். பிள்ளை மனசு கோணக்கூடாது என்று சொன்ன பொய், வேறென்ன.

அன்று ராத்திரி காற்று சுழன்றடித்துப் படகு கவிழ்ந்தது. கூடப் போன இளையபெருமாளை மட்டும் விடிந்ததும் ஒரு விசைப்படகு தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தது. காரைக்கால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தோஹாவிலிருந்து ஓடிவந்த சசிதரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். "டார்ச்சு, விசிலு எல்லாம் படகோட முழுகிப் போச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு காலி டீசல் கேனப் புடிச்சிக்கிட்டுதான் கெடந்தோம்பா. அலை பிரிச்சிடுச்சு. அப்பா கொரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு போட்டு கிட்டக்க வந்துச்சு. தொண்ட கிழியக் கத்துனோம். எஞ்சின் சத்தத்துல அவனுக்கு எங்க கேக்கும்? ஒரு பொட்டு வெளிச்சம் இருந்திருந்தா பாத்திருப்பான்."

"அப்பாகிட்ட லைட்டு இருந்துச்சு, சித்தப்பா."

"நான் பாக்கலியேப்பா."

"அலை மறைச்சிருக்கும். அது அணையாது, நான் பாத்துத்தான் சந்தா கட்டுனேன். எங்கயோ எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு."

கட்டில் காலருகே நின்ற நீலாயதாட்சி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம் அப்போதே. சொல்லவில்லை, பாவி.

அன்றிலிருந்து அந்த விளக்கு ஒன்றுதான் சசிதரனுக்குப் பேச்சு. துறைமுகத்தில் கரையேறுகிற ஒவ்வொரு படகிடமும் ஆரஞ்சு வெளிச்சம் கண்டீர்களா என்று கேட்டான். தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின. ஆக வேண்டியதைச் செய்யலாம் என்று வாயெடுத்த பங்காளிகளை அடிக்கப் போனான்.

இந்த மாசப் பெட்டி வந்த அன்று மத்தியானம் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"வரேம்மா. படகு கேட்டு வாங்கிட்டேன்."

"புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு சொல்றாங்களேப்பா. யாரு வர்றா கூட?"

"எவனும் வரலை. நான் மட்டுந்தான் போறேன். மேகம் கட்டி இருட்டிக்கிட்டு கெடக்குல்ல, இப்பதாம்மா லைட்டு பளிச்சுன்னு தெரியும்."

இவன் கடலை விட்டு எத்தனை வருஷம் ஆகிறது! நீலாயதாட்சி வாசலை மறித்து நின்றாள். ஒருவரைக் கொடுத்தாயிற்று, இவனையும் வாரிக் கொடுப்பதா? "நில்லு" என்று ஒரு சொல்தான் வந்தது. பீரோவைத் திறந்து, புடவையை இழுத்துத் தரையில் தள்ளி, அந்த விளக்கை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்து நீட்டத் தைரியம் வரவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தின் முன்னால் நின்றாள்.

எரியக்கூடாது தாயே. விளையாட்டுச் சாமானாகப் போகட்டும். கம்பெனிக்காரன் ஏமாற்றியிருக்கட்டும். எரியாவிட்டால் அவர் கொண்டு போயிருந்தும் பிரயோஜனம் இல்லை என்றாகும், நானும் உயிரோடு இருந்துகொள்வேன்.

குடத்துக்குள் போட்டாள்.

போட்ட கையை எடுக்கவில்லை, எரிந்தது. விட்டு விட்டுப் பளீர் பளீரென்று எரிந்தது. குடத்துத் தண்ணீர் முழுக்கச் சிவந்து, கூரை ஓடு வரைக்கும் வெளிச்சம் அடித்தது.

சசிதரன் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. "அப்பா லைட்டு..." என்று ஆரம்பித்தவன் அம்மாவைப் பார்த்தான், தரையில் கிடந்த புடவையைப் பார்த்தான். மழைக்கோட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் ஒளிச்சி வச்சேன்" என்றாள் நீலாயதாட்சி. "அவரு கேட்டாரு. நான்தான் குடுக்கலை."

திட்டுவான், அடிப்பான், கொன்றாலும் சரி என்று காத்திருந்தாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப, அந்தப் போட்டு கிட்டக்க வந்தப்ப, அப்பா கையில என்னதாம்மா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

அவன் குழந்தை அழுவதுபோல வாய்விட்டு அழுதான். அவள் விளக்கைக் குடத்திலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள், அழுத்திப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள். அதை எப்படி அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.