உப்பு பத்தல

கப்பலில் மாலுமிகளை மேய்க்கிற போசனுக்குச் சமையல்காரன் ஆக்கிப் போட்டது ஒருநாளும் பிடித்ததில்லை. தட்டில் கை வைப்பதற்கு முன்பே, "உப்பு பத்தலடா குக்கு" என்பார். இவன் மட்டும் சளைத்தவனா? "உங்க நாக்கு துருப்பிடிச்சுப் போச்சுண்ணே" என்று திருப்பிக் கொடுப்பான்.

கப்பல் முழுகியபோது ரப்பர் மிதவையில் ஏறித் தப்பியது இந்த இரண்டு பேர்தான். போயும் போயும் இந்த ஆளோடா என்று சமையல்காரன் முதலில் தலையில் அடித்துக்கொண்டான். குடிதண்ணீர் தீர்ந்ததும் அந்த எரிச்சலும் தீர்ந்துபோனது. இந்த மனுஷனும் போய்விட்டால் பேச்சுத்துணைக்குக்கூட நாதியில்லை என்ற பயம்தான் மிச்சம்.

போசன் கடலையே வெறித்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு வாய்டா."

"அதைக் குடிச்சா செத்துருவீங்கண்ணே. மழை வரும், பொறுங்க."

காவல் காத்துக் காத்து இவனுக்குக் கண் சொருகியது. கிடந்த கயிற்றில் அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினான். அவர் அசைந்தால் இழுக்கும், விழித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. போட்டதோ அரிசி மூட்டை கட்டுகிற முடிச்சு. ஆயுசு முழுக்கக் கயிறோடு புரண்ட போசனுக்கு அது எம்மாத்திரம்!

விழித்தபோது கயிறு வட்டமாக, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. போசன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னிக்குத்தான்டா உப்பு சரியா போட்டிருக்கே."

வயிறு முட்டக் குடித்திருந்தார். பொழுது சாய்வதற்குள் பிதற்றல் ஆரம்பித்தது, பிறகு வலிப்பு, பிறகு பேச்சுமூச்சு இல்லை. தலையை மடியில் கிடத்திக்கொண்டு, "திட்டுங்கண்ணே, ஏதாவது திட்டுங்க" என்று கெஞ்சினான். அவர் போன மறுநாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாழாய்ப்போன மழை, இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வாயைத் திறந்து குடித்தான். குடித்துக்கொண்டே அழுதான்.

சரக்குக் கப்பல் ஒன்று அவனைத் தூக்கிக் காப்பாற்றியது. அந்தக் கப்பலின் சமையல்காரர் சூடாகச் சூப் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார். இவன் ஒரு கரண்டி வாயில் வைத்தான்.

"உப்பு போதுமா தம்பி?"

உப்பு சரியாகத்தான் இருந்தது.

"பத்தல" என்றான், போசனைப் போலவே அதட்டலாக. அதைச் சொல்ல இனி வேறு யாரும் இல்லை.