சோலைமலை நெஞ்சிலிருந்த குளவிக்கூடு

சோலைமலையின் நெஞ்சுக்குள் குளவிகள் கூடு கட்டியது போன சித்திரையில். அதே கிழமையில்தான் கோதுமை மாவும் விலை ஏறியது. வரிசைவீட்டு லயத்துச் சனங்கள் முதலில் மாவைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள். இடம் வட்டவளைக்கு மேலே இருக்கிற தவளைத்தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்றும் அதற்கு உண்டு, ஆனால் அது தேயிலைப் பெட்டிகளின் மேல் மட்டுமே வாழ்கிறது.

அந்தத் தோட்டத்தில் ஒருநாளும் லீவு எடுக்காமல் உழைத்த இங்கிலீஷ் வார்த்தை அட்டாக். சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கிப்போனால் அட்டாக். கொழுந்தில் கொப்புளம் விழுந்தால் அட்டாக். மைதானத்தில் வாலிபாலை வலைக்கு மேலே எழும்பி அடித்தால் அட்டாக். இளந்தாரிகள் போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு யாரையோ சுடும்போது கத்துவதும் அட்டாக். ஒரு கட்சி மேடையில் இன்னொரு கட்சித் தலைவரை அவர் ஆத்தாளோடு சேர்த்து ஏசினால், மறுநாள் பேப்பரில் அதுவும் அட்டாக். ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் திரும்பி வந்தவர்களுக்கெல்லாம் வந்தது அட்டாக். குளவி கொட்டினாலும் அதேதான். எல்லாக் கேட்டுக்கும் ஒரே பெயர் என்பதால் எந்தக் கேட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்க ஆளில்லை. தோட்டத்தை நடத்துகிற தொரைமாருக்கு அது வசதியாகப் போனது. சோலைமலையின் பெண்சாதி மீனம்மாவுக்கோ அந்த வார்த்தை காதில் விழுந்தாலே ஊசிப்போன சம்பலை வாயில் வைத்த மாதிரி இருக்கும்.

காரணம் ஆறாம் நம்பர் மலையில் இருந்தது. அங்கே நின்ற ஒரு கிழட்டுச் சவுக்குமரத்தில் குளவிக்கூடு தொங்கியது. முதலில் தேங்காய் அளவு, பிறகு பானை அளவு, கடைசியில் கொழுந்துக்கூடை அளவு. காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்தில் மீனம்மா அதைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. தொரை ஒவ்வொரு தடவையும் அடுத்த கிழமை பார்ப்போம் என்றார். மரம் அரசாங்கத்துடையதாம், கூடு காட்டு இலாகாவுடையதாம், மரத்தின் நிழல் மட்டும்தான் கம்பனிக்குச் சொந்தமாம். அதனால் பெண்கள் தாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஆறாம் நம்பர் என்றால் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, பவுடர் பூசுவதில்லை, இருமல்காரி போவதில்லை. மரத்தடி நிரையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கொழுந்தைக்கூட ஒடிக்கிற சத்தம் கேட்காமல் ஒடிப்பார்கள். அப்படியே பல வருஷம் ஓடியது. குளவிகளும் அவர்களை மதித்து நடந்தன.

கெடுத்தது கமரா. வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுவதற்காகச் சிரித்துக்கொண்டே கொழுந்து பறிக்கும் பெண்கள் வேண்டுமென்று கம்பனி சொல்ல, பறக்கிற கமரா ஒன்று வந்து சேர்ந்தது. சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்கள். கமரா நேராகப் போய்க் கூட்டில் மோதியது. மலை முழுக்கக் கருத்துவிட்டது. மீனம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவித் தலையோடு சுற்றிக்கொண்டு தேயிலைத் தூருக்குள் விழுந்தாள். கீழே மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த சோலைமலை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "மீனா!" என்று வாய் திறந்தான். ராணிக்குளவி உள்ளே போனது. மற்றவை, ஹட்டன் பஸ்ஸில் ஏறுகிற சனம் மாதிரி இடித்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறின. கடைசிக் குளவியும் போன பிறகு அவன் வாயை மூடினான். மலை வெறிச்சென்று ஆகிவிட்டது.

"என்னாங்க, என்னா செய்யுது?" என்று மீனம்மா அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒன்னுமில்ல புள்ள," என்றான். "நெஞ்சுக்குள்ள கொஞ்சம் கதகதன்னு இருக்கு."

கொழுந்து நிறுக்காமல் ஓடிப்போனதற்காகப் பெண்களுக்கு அன்று அரைப்பேர்தான் போட்டார்கள். அரைநாள் கூலிக்கு அங்கே அப்படித்தான் பெயர்.

தோட்டத்து மருந்துக்காரர் கிளைவ் ஐயா குழாயை வைத்துப் பார்த்தார். உள்ளே பேக்டரி ஓடுகிற சத்தம் கேட்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அட்டாக் என்றார். "எந்த அட்டாக்குங்கய்யா?" என்று கேட்ட மீனம்மாவிடம், "நெஞ்சுக்குள்ள வந்தா அது நெஞ்சு அட்டாக்தானேம்மா? மேல கொட்டுன காயம் ஒன்னுகூட இல்லையே. வேலையில நடந்ததுன்னு சொல்ல ஏலாது," என்று பனடோல் மாத்திரை கொடுத்தார். சோலைமலை அதை விழுங்கினான். உள்ளே போனதைக் குளவிகள் பத்திரமாக வெளியே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயின.

பிறகு கட்சித் தலைவர் வந்தார். வெள்ளை உடுப்பு, வாசனைத் தைலம், பின்னால் பிஸ்கட் பெட்டிகளோடு ஆட்கள். இது நமது சமூகத்தின் மீது நடந்த அட்டாக் என்று காம்பரா வாசலில் நின்று முழங்கினார். காம்பரா என்பது லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற ஒற்றை அறை. அந்த அறைக்குள் போட்டோ எடுக்கிறவர்களே நிறைந்துவிட்டதால் மீனம்மா தன் வீட்டுக்கு வெளியே நின்றாள். சோலைமலையின் தாடையைப் பிடித்துத் திறந்து போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்கள். சாம்பல்நிறக் கூடு தொண்டைக்குக் கீழே அடுக்கடுக்காகத் தெரிந்தது. படம் கலங்கிவிட்டதென்று இன்னொரு தடவை திறக்கச் சொன்னார்கள். சந்தைமாட்டுக்குப் பல் பார்க்கிறவனாவது கையைத் துடைத்துக்கொள்வான். இவர்கள் அதுகூட இல்லை. அடுத்த காம்பரா இசபெல்தான் பொறுக்க மாட்டாமல், "தலைவரே, நீங்களும் ஒருக்கா வாயத் தொறந்து காட்டுங்க. உள்ள என்னா கூடு கட்டியிருக்குன்னு நாங்களும் பாப்போம்," என்றாள். தலைவர் சிரித்தார், அவருக்கு எதற்கும் சிரிக்க வரும். பிஸ்கட்டில் வண்டு இருந்தது. மீனம்மா கானில் கொட்டினாள். கோழிகள் வந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

கூடு மரத்தில் தொங்கிய வரைக்கும் நகராத சட்டம் இப்போது ஓடத் தொடங்கியது. லயத்துக்குள் குளவிக்கூடு இருப்பது ஆபத்து, புகை போட்டு அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் கூட்டை வைத்திருப்பவன் மாதக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்று தொரை பெரட்டுக்களத்தில் அறிவித்தார். புகை போட்டால் மனுஷன் சாவான்; காலி செய்தால் போக்கிடம் கிடையாது. "மரத்துல தொங்குனப்ப அது அரசாங்கத்துக் கூடு. எம் புருசன் நெஞ்சுக்குள்ள வந்தொன்ன தோட்டத்துக் கூடாயிருச்சாங்க தொர?" என்று மீனம்மா கேட்டாள். இந்தத் தடவை அடுத்த கிழமை என்று பதில் வரவில்லை. அன்றைக்கே மண்ணெண்ணெய்ப் பந்தங்களோடு ஆள் வந்தது.

வந்தவர்கள் சொந்தக்காரப் பொடியன்கள்தான். "மன்னிச்சுக்கங்க அக்கா, செய்யாட்டி எங்க பேரையும் வெட்டிருவாங்க," என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். சோலைமலை ஒரு தடவை இருமினான். வெளியே வந்த குளவிகள் ஒவ்வொரு பந்தத்தின் மேலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, வந்தவர்களை உற்றுப் பார்த்தன. பந்தங்கள் கொளுத்தப்படாமலே திரும்பிப் போயின. மறுநாள் பொலிஸ் வந்தது: சோலைமலை தோட்டத்து உத்தியோகத்தர்களை அட்டாக் பண்ணிவிட்டானாம். கான் வெட்டத் தவிர கையை ஓங்காத மனுஷன் மேல் அந்த வார்த்தை வந்து விழுந்ததைக் கேட்டு மீனம்மா வாசலில் காறித் துப்பினாள். விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் சோலைமலையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "அனே, மட்ட பே," என்னால் ஏலாது தாயே என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

அப்போதுதான் மீனம்மாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முன்னொரு தடவை தொரை பங்களாக் கூரையில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கூடு கட்டியபோது, அன்று பின்னேரமே வலை உடுப்புப் போட்ட ஆள் ஒருவர் கண்டியிலிருந்து வந்து, ஒரு குளவியும் சாகாமல் அதைக் கையால் எடுத்துக்கொண்டு போனார். கூடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்தத் தோட்டத்தில் அடுத்த கிழமையும் இன்றைக்கும் என்று அவள் கண்டுகொண்டாள். புருஷனுக்குச் சட்டை மாட்டி, சாயத்தண்ணி என்கிற பாலில்லாத் தேத்தண்ணியில் சீனி கூடப் போட்டுக் கொடுத்து, பூந்தோட்டத்து வழியாகவே கூட்டிப்போய், பங்களா விறாந்தையில் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இந்தாங்க தொர, ஒங்க கூடு," என்றாள்.

வலை உடுப்புக்காரர் பகல் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டார். சோலைமலையின் வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். பார்ப்பதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டார். அந்த ஒன்றுக்காகவே மீனம்மா அவருக்கு இன்றைக்கும் விளக்கு வைக்கிறாள். கூடு விலா எலும்போடு சேர்ந்துவிட்டது, எடுத்தால் ஆள் மிஞ்ச மாட்டார், அசைக்கவே கூடாது, இந்த நாற்காலியிலிருந்துகூட எழுப்பக் கூடாது என்று சொன்னார். பயப்படத் தேவையில்லையாம். பக்கத்தில் இருப்பவர்கள் வாசனை பூசக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, கமரா கொண்டுவரக் கூடாது, நடப்பதையும் மெதுவாக நடந்தால் போதும்.

தொரை முயன்று பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வாசனைத் தைலத்தை விட்டார். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கை ஏசுவதைக் காதுக்குள் ஏசினார். போனில் கொழும்போடு பேசும்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் பேசினார். தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைக்கக் கற்றுக்கொள்ள முடியாமல் தேத்தண்ணியையே விட்டார். மழைக்காலம் வருவதற்குள் ஹட்டன் டவுனில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அடுத்து வந்தவர் விறாந்தையை எட்டிப் பார்த்ததோடு சரி. சோலைமலையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் மீனம்மா பாயும் சட்டியும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்கே வந்தாள். இசபெல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வெள்ளைக்காரன் விட்டுப்போன குளிக்கும் தொட்டியில் உடுப்புத் துவைத்துக்கொண்டு போகிறாள்.

தோட்டத்தில் மற்ற மரங்களிலிருந்த குளவிகளும் சிறிது சிறிதாக விறாந்தைக்கே வந்து சேர்ந்துவிட்டன. பெண்கள் இப்போது ஆறாம் நம்பரில் பாட்டுப் பாடிக்கொண்டு பறிக்கிறார்கள். தலைக்கு எண்ணெயும் உண்டு. வெயில் ஏறியதும் சோலைமலை வாயைத் திறந்து கொடுக்கிறான், குளவிகள் தங்கள் வேலைக்குப் போகின்றன. சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு மீனம்மா படியேறி வரும்போது அவையும் வந்துகொண்டிருக்கும். அவள் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, "எல்லாம் வந்துருச்சாங்க?" என்று மெதுவாகக் கேட்பாள். அவன் கொஞ்சநேரம் உள்ளே கவனித்துவிட்டு, இன்னும் ஒன்று வரவில்லை என்று விரலைக் காட்டுவான். அது வரும்வரை இரண்டுபேரும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வந்தபிறகு அவள் எழுந்துபோய் விறாந்தைக் கதவைச் சாத்துவாள்.